வினாடி முள்

கண்ணாடிப் பெட்டியின் வெள்ளை வெளிச்சத்தில் கடிகாரங்கள் எல்லாம் பல்லை இளிக்கின்றன. தங்க முலாம் பூசிய ஒன்றைக் கணவன் மறுபடியும் நர்ஸாக வேலை பார்க்கும் மனைவி பக்கமாக நகர்த்தி வைக்கிறான். அதில் வினாடி முள் இல்லை. சங்கிலியின் கண்ணிகளுக்குள் சோப்பு நுரையும் அடுத்தவர் ரத்தமும் போய் ஒளிந்துகொள்ள ஏகப்பட்ட இடம் இருக்கிறது. அவள் அதைத் தொடவே இல்லை. கறுப்பு ரப்பர் பட்டை போட்ட மலிவான கடிகாரம் ஒன்றை எடுத்துப் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்க்கிறாள். "ஸ்கூல் பசங்க கட்டுறது அது. என் தங்கச்சி வீட்டுக்காரங்க முன்னாடி இதக் கட்டிக்கிட்டு வந்து என் மானத்த வாங்கப் போறியா?" அவன் போட்ட சத்தத்தில் கடைக்காரர் துடைக்கிற துணியோடு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். "உங்க மானத்த வச்சு வார்டுல நாடி பாக்க முடியாது" என்கிறாள் அவள். "வாய் ரொம்ப நீளுது உனக்கு." அவள் அந்த ரப்பர் பட்டைக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, நோயாளியைப் பிடிப்பதுபோல அவன் மணிக்கட்டைப் பிடித்து, மூன்று விரல்களை நாடியில் அழுத்தி, வினாடி முள்ளைப் பார்க்கிறாள். கோபத்தில் நாடி எகிறுகிறது. அவன் ஏதோ சொல்ல வாயெடுக்கிறான். "பேசாதீங்க. எண்ணிக்கை தப்பிடும்." திறந்த வாய் அப்படியே நிற்கிறது. சுவர்க் கடிகாரங்களின் டிக் டிக் மட்டும் கேட்கிறது. கல்யாணமான நாளிலிருந்து அவன் இவ்வளவு நேரம் சும்மா இருந்ததே இல்லை. முள் ஒரு சுற்றை முடிக்கிறது. அவள் கையை விடாமல், நிமிர்ந்தும் பார்க்காமல், முதலிலிருந்து எண்ணத் தொடங்குகிறாள்.