மேற்கு ஜன்னல்

சபரிநாதன் கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஐஸ் கம்பெனிக்குள் மூன்றாவது சுற்று வந்தான். டவர் ஒரு கோடுகூட ஏறவில்லை.

"தஞ்சாவூர்ல பெரிய கோயிலுக்கு உள்ளாரகூட ரெண்டு கோடு காட்டும்ணே."

"அங்க வெறும் கல்லு தம்பி. இங்க கல்லு, தாரு, தெர்மாகோல், அதுக்கு மேல என் தலையெழுத்து," என்றார் மேலாளர் காயாரோகணம்.

வாசலில் உமி கூட்டிக்கொண்டிருந்த எல்லையம்மாள் துடைப்பத்தை நிறுத்தினாள்.

அவன் தஞ்சாவூரிலிருந்து கொண்டுவந்தது சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி. உள்ளே ஒரு சிம் கார்டு. அம்மோனியா கசிந்து சைரன் அடித்தால், அது தானாகவே ஐந்து பேருக்கு ஒரே நேரத்தில் தகவல் அனுப்பிவிட்டு, வரிசையாகப் போன் போடும். எடுக்கிறவர்கள் உள்ளே என்ன சத்தம் என்று கேட்கலாம். அதற்கென்று ஒரு மைக் இருந்தது.

இதற்கு முன் இங்கே இருந்த பழைய பெட்டி தொலைபேசிக் கம்பி வழியாகப் பேசுவது. புயலில் கம்பி அறுந்தது. பெட்டியின் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. ஏழு மாதத்துக்கு முன் ஒரு காலையில் குழாய் வெடித்தபோது சைரன் ஒரு நிமிஷம் உள்ளேயே அடித்து உள்ளேயே ஓய்ந்தது. அப்போது மெஷின் ரூமில் இருந்த ஒரே ஆள் இராஜாங்கம். எல்லையம்மாளின் புருஷன்.

அவன் காரியம் முடிந்த மறுவாரம் அவளுக்கு வாசல் வேலை கொடுத்தார்கள். இன்றுவரை அவள் படி தாண்டி உள்ளே போனதில்லை.

"வெளிச் சுவத்துல மாட்டிடலாமா?" என்றான் சபரிநாதன்.

"ஆறே மாசம். உப்புக் காத்து தின்னுட்டு ஆணியை மட்டும் விட்டு வைக்கும்."

சபரிநாதன் தரையில் உட்கார்ந்து, முதலில் நம்பர்களை ஏற்றிவிடலாம் என்றான். முதலாளி, மேலாளர், தீயணைப்பு நிலையம், மெக்கானிக். ஐந்தாவது இடம் காலியாக இருந்தது.

"என் நம்பரப் போடுங்க," என்றாள் எல்லையம்மாள் வாசலிலிருந்தே. "முதல்ல போடுங்க."

"மொதலாளிக்கு முன்னாடியா?" காயாரோகணம் சிரித்தார்.

"மொதலாளி நாகப்பட்டினத்துல இருக்காரு. நான் பின்னாடித் தெருவுல இருக்கேன்."

"சரி, கூப்பிடுது. நீ என்ன பண்ணுவ?"

"எடுப்பேன்."

காயாரோகணம் சபரிநாதனிடம் போடச் சொல்லிக் கைகாட்டினார். சபரிநாதன் அவள் நம்பரைக் கேட்டு முதலில் ஏற்றினான். ஏற்றி என்ன, டவர் இல்லாமல் அது வெறும் சோப்புப் பெட்டிதான்.

எல்லையம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"மெஷின் ரூமுக்குப் பின்னால மேற்கால ஒரு ஜன்னல் இருக்கும் தம்பி. வெளியில குழாய் மேல தண்ணி விழும். பக்கத்துல ஒரு தகரம் காத்துக்குத் தட்டிக்கிட்டே இருக்கும். ரெண்டும் ஒண்ணாக் கேக்குற எடத்துல நின்னு பாருங்க."

அவன் போனான். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "நாலு கோடுண்ணே!"

"நீதான் உள்ள காலே வெச்சதில்லையே?" என்றார் காயாரோகணம்.

"எட்டு வருசமா கேட்டிருக்கேன்."

தினமும் காலையில் இராஜாங்கம், மீன் சந்தையில் விற்றுக்கொண்டிருக்கும் அவளுக்குப் பேசுவான். 'இரு, ஜன்னலுக்கு வந்துடறேன்' என்பான். பிறகு தண்ணீர்ச் சத்தம், தகரம், அதன்பின் அவன் குரல். எந்தப் படகு எத்தனை ஐஸ் பார் ஏற்றியது என்று சொல்வான். படகு எத்தனை நாள் கழித்துக் கரைக்கு வரும், என்ன மீன் வரும் என்று அவள் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொள்வாள்.

காயாரோகணம் உள்ளே போய் ஜன்னலைப் பார்த்தார். திரும்பி வாசலைப் பார்த்தார்.

இராஜாங்கம் அன்று நின்ற இடத்திலிருந்து வாசல் எட்டடி. அவன் உடலைத் தூக்கியது இந்த ஜன்னலடியில். எட்டடியில் வாசல் இருக்க எதற்கு உள்ளே ஓடினான் என்று ஊரே கேட்டது. குடித்திருப்பான் என்றவர்கள் உண்டு. வாயு ஏறித் திசை தெரியாமல் போயிருப்பான் என்று டீக்கடையில் சொன்னவர் காயாரோகணம்.

"அங்கயே மாட்டு தம்பி," என்றார். குரல் இறங்கியிருந்தது. ஸ்டூலை அவரே கொண்டுவந்து பிடித்துக்கொண்டார்.

மாட்டி முடித்ததும் சபரிநாதன் ஒரு சோதனை அழைப்பு போட வேண்டும் என்றான். வாசல் பக்கம் டவர் கிடையாது. எல்லையம்மாள் சாலையைச் சுற்றிக்கொண்டு பின்தெருவுக்குப் போய்த் தன் வீட்டு வாசலில் நின்றாள். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஜன்னலின் மேல்பாதி தெரிந்தது.

போன் அடித்தது.

கையில் ஈரமில்லை. இருந்தும் முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

தண்ணீர் விழுந்தது. தகரம் தட்டியது.

குழாய் வெடித்த அன்றும் இவ்வளவுதான் கேட்டது.

சந்தையில், செதில் ஒட்டிய கையோடு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மூன்று தடவை 'என்ன, சொல்லு' என்றாள். குரல் வரவில்லை. கை தவறி அமுங்கியிருக்கும் என்று நினைத்தாள். கட் பண்ணிவிட்டு, எதிரே நின்றவளுக்கு ஒரு கூறு கிழங்கான் மீனைப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

இராஜாங்கத்தின் போன் தண்ணீர்த் தொட்டியில் கிடந்து செத்துப்போயிற்று. அப்படி ஓர் அழைப்பு வந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"கேக்குதாக்கா?" ஜன்னலிலிருந்து சபரிநாதன் கத்தினான். "கேட்டாச்சுன்னா கட் பண்ணிடுங்க."

எல்லையம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். அழைப்பு தானாக ஓயும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.