சீல் வைத்த பெட்டி

“முடியாது. சீல் வச்சாச்சு” என்றார் ரயில் பெட்டிப் பரிசோதகர் சங்கரன், பிடித்திருந்த குடையைக்கூட இறக்காமல்.

லூசியம்மாள் அழுதுவிடுவாள் போலிருந்தது. அவள் மகள் ஜெயசீலி ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள். இரண்டு பேரையும் தாராவியிலிருந்து ரயில்வே யார்டுக்கு அழைத்து வந்த, சக்கரங்களுக்கு எண்ணெய் விடும் கலாசி வெயிலுமுத்து தலையைச் சொறிந்தான்.

“ஸார், நம்ம பக்கத்து வீட்டுப் பொண்ணு. ஞாயித்துக்கிழமை மெட்ராஸ் மெயில்ல, இந்தப் பெட்டியிலதான் வந்தா. எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட் புத்தகத்தை உள்ள விட்டுட்டா. இன்னைக்குப் பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில நர்ஸ் டிரெய்னிங் இன்டர்வியூ. புத்தகம் இல்லேன்னா உள்ளேயே விட மாட்டாங்க.”

“விட்டுட்டான்னா? எங்கே?”

“சீட்டுக்கு அடியில ஸார். ரிப்பனால கட்டி வச்சிருக்கா.”

“கட்டி வச்சாளா! ஏம்மா, அதென்ன தூளியா?”

ஜெயசீலி தாயைப் பார்த்தாள். “அம்மாதான் லெட்டர்ல எழுதியிருந்தாவ. வண்டியில களவு ஜாஸ்தி, டிரங்குக்குள்ள வைக்காத, ஒருத்தருக்கும் தெரியாத இடமாப் பாத்து வையின்னு.”

“நல்ல இடம்தான். நோக்கே மறந்துபோற அளவுக்கு நல்ல இடம்!”

“நேத்து ராத்திரி வரைக்கும் எங்கிட்ட மூச்சு விடல ஸார் இவ” என்றாள் லூசியம்மாள். “காலையில கிளம்புதப்பதான முழிக்கா!”

அது தெற்கு ரயில்வேயின் மூன்றாம் வகுப்புப் பெட்டி. பழுது பார்க்கத் தன் சொந்த ஒர்க்‌ஷாப்புக்கு அது எப்போது திரும்ப வேண்டும் என்று அதன் முனையிலேயே பெயிண்டில் எழுதியிருந்தது: 7/64. ஜூலை பிறந்துவிட்டதல்லவா? ஞாயிறன்று மெயிலிலிருந்து கழற்றி, பூட்டி, சீல் வைத்து, மூன்று நாளாக ஓரத் தண்டவாளத்தில் நிறுத்தியிருந்தார்கள். எட்டு மணிக் கூட்ஸில் கோத்துக் காலியாகவே தெற்கே அனுப்பப்போகிறார்கள். போய்ச் சேர்ந்ததும் சீட்டுகளையெல்லாம் பலகை பலகையாகப் பிரித்துப் போடுவார்கள்.

மணி ஏழரை. மழை தூறிக்கொண்டிருந்தது.

“ஒரு நிமிஷம் திறந்தா...” என்று இழுத்தான் வெயிலுமுத்து.

“நெனச்சப்போ திறக்க இது என் ஆத்து அலமாரியா? பேப்பர்ல கையெழுத்தாயாச்சு. அதோ, காவல்காரன் பாத்துண்டு நிக்கறான். பெட்டி ‘சிக்’ ஆனாத்தான் நடுவில சீலை உடைக்கலாம். நல்ல பெட்டியோட சீலை உடைச்சா நான் பதில் சொல்லணும்.”

‘சிக்’ என்றால் ஓட லாயக்கில்லாத பெட்டி. அதைச் சொல்ல வேண்டியவரும் பரிசோதகரான சங்கரன்தான்.

“கல்லு மனசு அண்ணாச்சி!” என்றாள் லூசியம்மாள் வெயிலுமுத்துவிடம், சங்கரன் காதில் விழும்படியே. “இவரெல்லாம் பிள்ள குட்டி பெத்தவர்தானா?”

வெயிலுமுத்துவுக்கும் மனம் கசந்துதான் போயிருந்தது. இருபத்திரண்டு வருஷம் இந்த மனிதருக்குப் பின்னால் எண்ணெய்க் குடுவையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறான். அவர் பெட்டிகளில் எழுதிக் கட்டிய பழுதுச் சீட்டில் ஒரு எழுத்துப் பொய் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. இவரிடம் போய்க் கேட்டோமே!

சங்கரன் சுத்தியலை எடுத்துக்கொண்டு கடைசிச் சோதனைக்குக் கிளம்பினார். சக்கரம் சக்கரமாகத் தட்டினார். டண். டண். மூன்றாவது சக்கரத்தருகே குனிந்தார். அச்சின் முனையை மூடியிருக்கும் இரும்பு டப்பாவில் விரலை வைத்தார்.

“ஸ்ஸ்... ஹா!”

கையை வெடுக்கென்று இழுத்து உதறினார்.

“ஹாட் ஆக்ஸில்! டப்பா கொதிக்கறது! எண்ணெய் வத்தின அச்சோட ஓடினா வழியில தீப் பிடிச்சுடும். கூட்ஸ்ல இதைக் கோக்காதே! பெட்டி சிக்!”

பழுதுச் சீட்டு எழுதிப் பெட்டியில் கட்டினார். காவல்காரர் ஓடி வந்து படித்துப் பார்த்தார். விதிப்படி சீலை வெட்டி, கதவைத் திறந்து விட்டார்.

அடுத்த நிமிஷம் ஜெயசீலி உள்ளே இருந்தாள். அதற்கடுத்த நிமிஷம் வெளியே குதித்தாள். கையில் எண்ணெய்த் துணிப் பொட்டலம். அதிலிருந்து சிவப்பு ரிப்பன் தொங்கியது.

“சேசுவே!” என்று நெஞ்சில் சிலுவை போட்டாள் லூசியம்மாள்.

“இங்கே என்ன வேடிக்கை?” என்று அதட்டினார் சங்கரன். “பஸ்ஸைப் பிடிங்கோ. ஓடுங்கோ!”

போகிற போக்கில் லூசியம்மாள் திரும்பி அவரை ஒரு முறை முறைத்தாள். “பாத்தீயளா அண்ணாச்சி? மனுசன் இரங்கல. ஆண்டவரு இரங்கிட்டாரு!”

சங்கரன் நனைந்த கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டார்.

“வெயிலுமுத்து, அந்த டப்பாவுக்கு எண்ணெய் விடு. நாளைக் கூட்ஸ்ல போகட்டும்.”

வெயிலுமுத்து குடுவையோடு குனிந்தான். சுட்டுவிடுமோ என்று பயந்து, ஒரு விரல் நுனியால் தொட்டுப் பார்த்தான். பிறகு முழு உள்ளங்கையையும் வைத்தான்.

மழையில் நனைந்த இரும்பு பானைத் தண்ணீர்போல ஜில்லென்று இருந்தது.

ஓடினால்தானே சூடாகும்? மூன்று நாளாக ஓர் அங்குலம் நகராத பெட்டி!

நிமிர்ந்து பார்த்தான். தூரத்தில் சங்கரன் முதுகைக் காட்டிக்கொண்டு, சுடாத விரலை ஊதிக்கொண்டிருந்தார்.

“ரொம்பச் சூடா?” என்று இந்தியில் கேட்டபடி காவல்காரர் பக்கத்தில் வந்து, தானும் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார்.

வெயிலுமுத்து சட்டென்று கையை இழுத்து உதறினான்.

“அரே பாப்ரே! தொடாதீங்க சாப், பஹுத் கரம்!”