எடைச் சீட்டின் பின்பக்கம்

மைசூர் ரயில் நிலையத்தில், எடை பார்க்கும் எந்திரத்தின் மேல் பூங்கொடி செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறாள். ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு ஞாயிறுதோறும் இங்கே வருவது கணவன் ரத்தினவேலின் ஏற்பாடு. சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் சுழல்கின்றன. அறுபது கிலோவுக்கு வந்துவிட்டால் இளைக்கிற மாத்திரையை நிறுத்திவிடலாம், அப்புறம் நடையும் அளவான சாப்பாடுமே போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான்கு மாதமாக அவளுக்கு நாக்கு உலர்ந்தே கிடக்கிறது. நின்றால்கூட நெஞ்சு படபடக்கிறது. பக்கத்துக் கடையில் வடை வேகிற வாசம் மூக்கில் ஏறியும் பசி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. டக்கென்று சீட்டு விழுகிறது. ரத்தினவேல்தான் எடுக்கிறான். "அறுபது! சரியா அறுபது, புள்ள!" அவள் கண்ணை மூடி மூச்சு விடுகிறாள். சீட்டின் பின்பக்கம் எப்போதும் ஒரு வரி ஜோசியம் இருக்கும். அவளுக்கு இங்கிலீஷ் வராது. "பொறத்தால என்னங்க போட்டிருக்குது?" அவன் திருப்பி எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். "நெனச்சது சீக்கிரமே நடக்கும்னு போட்டிருக்குது. பாத்தியா, நான் சொல்லல? இன்னும் அஞ்சே கிலோதான்." சீட்டைச் சட்டைப் பைக்குள் வைத்த கை, மாத்திரை அட்டையோடு வெளியே வருகிறது.