திரையிடம் பேசுகிறவர்கள்

புருஷன்மார் சேர்ந்து வைத்துக்கொடுத்த ஜெராக்ஸ் கடையில் பொற்கொடியும் அவள் ஓரகத்தி சுகந்தியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சுவார்த்தை கிடையாது. சொல்ல வேண்டியதையெல்லாம் கம்ப்யூட்டரிடம் ஜாடையாகச் சொன்னார்கள். தினமும் காலையில் அது, புதிய பதிப்புக்கு மாறலாமா என்று கேட்கும். பொற்கொடி உடனே 'பிறகு' என்பதை அழுத்துவாள்.

"நல்லா ஓடுறத நோண்டுறதே சில பேருக்குப் பொழப்பு," என்பாள் திரையைப் பார்த்து.

"புதுசுன்னாலே சில பேருக்கு வயித்தெரிச்சல்," என்று சுகந்தியும் அதே திரையிடம் சொல்வாள்.

அன்றைக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போடும் இணையதளம் பழைய பதிப்பில் திறக்கவே இல்லை. காத்திருந்த கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே எதிர்க்கடைக்குப் போயிற்று.

"அமுக்கறதுக்கும் தைரியம் வேணும்ல," என்றாள் சுகந்தி, மவுசைத் தொடாமல்.

மாற்றினால் பழைய பிரிண்டர் வேலை செய்யாது, பழி தன் தலையில்தான் விழும் என்று பொற்கொடிக்குத் தெரியும். இருந்தும் அந்த வார்த்தை சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு 'இப்போதே' என்பதை அழுத்தினாள்.

திரை கறுத்தது. ஜாடை பேசவும் எதிரே ஆளில்லாமல் இருவரும் வாயடைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

நெடுநேரம் கழித்துத் திரையில் வெளிச்சம் வந்தது. 'இந்தக் கணினியைப் பயன்படுத்தப்போவது யார்?' என்று கேட்டது. பெயர் எழுத ஒரே ஒரு கட்டம்.

சுகந்தி கீபோர்டை இழுத்தாள். அதன் மறுமுனை பொற்கொடியின் பிடியில் இருந்தது. பொற்கொடி திரையிலிருந்து கண்ணை எடுத்து, கடை திறந்த நாளிலிருந்து முதன்முறையாக, அவள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"கைய எடுடி."