மை வைக்காத விரல்

கிட்ட வாங்க கண்ணுகளா, ரெண்டு சொட்டு மருந்தோட கதை சொல்றேன். சின்னக் கதைதான், ஆனா நெஞ்சை விட்டு லேசில் இறங்காது.

நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தி, தோளில் ஐஸ் பெட்டியோடு மாடிப்படி ஏறினாள்.

வீடு வீடாகப் போய், இளம்பிள்ளை வாதம் வராமலிருக்கக் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து ஊற்றவேண்டும். ஊற்றிய பிள்ளையின் சுண்டுவிரல் நகத்தில் மை வைக்கவேண்டும். பாடம் நடத்துகிற மேடம் பின்னாலேயே வந்து விரல் விரலாகப் பார்ப்பாள்.

இவளுக்கு அந்த வேலையே பிடிக்காது. ஆபரேஷன் தியேட்டரில் நிற்க ஆசைப்பட்டவள்.

"நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்குடி மருந்து? வராத விருந்தாளிக்கு உலை வச்ச மாதிரி!" என்று காலையில்தான் தோழிகளைச் சிரிக்க வைத்திருந்தாள்.

கடைசி வீடு. கதவு ஒரு சாண் திறந்தது. இடுப்பில் குழந்தையோடு ஒரு தாய். இவள் வயதுதான் இருக்கும்.

உள்ளே யாரோ குளிக்கிற சத்தம்.

"சீக்கிரம் ஊத்துங்க சிஸ்டர். மை மட்டும் வேணாம். அவர் பார்த்தா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவார்."

சொல்லிவிட்டுக் குளியலறைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மை வைக்காவிட்டால் ஊற்றியதற்கு என்ன சாட்சி? மாணவி தயங்கினாள். தாயின் இடுப்பில் இரண்டு குட்டிக் கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன.

கன்னத்தை அழுத்தி, வாயில் ஊற்றினாள்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. கதவு சாத்திக்கொண்டது.

அவள் திரும்புவதற்குள் மேடம் மேலே வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் கதவைத் தட்டினாள்.

புருஷன் திறந்தான். தலை ஈரம்கூடத் துவட்டவில்லை.

"நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்கு மருந்து?"

தான் சொன்ன பேச்சை இன்னொரு வாயில் கேட்டதும் மாணவிக்குச் சுருக்கென்றது.

மேடம் எட்டி, குழந்தையின் விரலைப் பார்த்தாள். வெறும் நகம்.

"இந்த வீட்டை ஏன்டி விட்டே? மாடி ஏறக் கால் வலிச்சுதா? நீயெல்லாம் நர்சாகி யாரைக் காப்பாத்தப் போறே?"

படிக்கட்டே அதிர்ந்தது. புருஷனின் முதுகுக்குப் பின்னாலிருந்து தாய் கண்ணாலேயே கும்பிட்டாள்.

மாணவி தலையைக் குனிந்து திட்டை வாங்கிக்கொண்டாள்.

கதவு மறுபடி சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

ஒரு மாடி இறங்கியதும் மேடம் நின்றாள். குரல் தணிந்திருந்தது.

"அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்ததுமே புரிஞ்சுபோச்சு. நீ ஊத்தலைன்னு அவன் நம்பணும்னுதான் கத்தினேன். ஊத்திட்டே இல்ல?"

மாணவி மேல் மாடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஊத்தினேன் மேடம். பையன் அப்படியே துப்பிட்டான். அந்தம்மா திரும்பி நின்னாங்க, பார்க்கலை. மருந்து உள்ளே போயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க."

மேலே, தாய் பிள்ளையைக் கொஞ்சுகிற சத்தம் கேட்டது.

உங்க வீட்டுப் பிள்ளைங்க ஓடியாடித் திரியட்டும் கண்ணுகளா. அதுகளைத் துரத்திப் பிடிக்கவே உங்களுக்குப் பொழுது பத்தாமப் போகட்டும்.