நடுக்கட்டை

மரக்கடை மேசையில் மூன்று பேர்: வீடு கட்டப்போகும் அர்வோ, அவன் மனைவி லெம்பி, கணினிக்கு முன்னால் கடைக்காரி டார்லா. திரையில் அவர்கள் வீட்டுக் கூரை வெறும் எலும்புக்கூடாக நிற்கிறது. பரணில் பொம்மை ரயில் ஓட்ட இடம் வேண்டுமென்று, கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டகங்களின் நடுக்கட்டைகளை எல்லாம் அர்வோ வீட்டிலேயே தன் கணினியில், படத்திலிருந்து அழித்துவிட்டு வந்திருக்கிறான். “என் கம்ப்யூட்டர் ஒண்ணும் சொல்லலியே,” என்கிறான். “அது படம் போடும். பனியைச் சுமக்காது,” என்கிறாள் டார்லா. “உனக்கு ரயில் ஓடணும். எனக்குக் காலைல உயிரோட எந்திரிக்கணும்,” என்கிறாள் லெம்பி. டார்லா ஒரு விசையைத் தட்டி ஜனவரிப் பனியைக் கூரைமேல் ஏற்றுகிறாள். கோடுகள் சிவக்கின்றன. நேராக நின்ற சரிவுகள் சத்தமில்லாமல் படுக்கையறையை நோக்கி வளைந்து இறங்குகின்றன. “எவ்வளவு கனம்?” என்கிறான் அர்வோ. “வெளிய நிக்குதே உன் வண்டி, அது மாதிரி ஒரு பன்னெண்டு.” ஜன்னலுக்கு வெளியே, சுப்பீரியர் ஏரிப் பக்கமிருந்து வரும் பனி, விழுவதா வேண்டாமா என்று விளக்கொளியில் மிதக்கிறது. அர்வோ அதையே பார்க்கிறான். “திருப்பிப் போட்டுரு,” என்கிறான்.

டார்லா கட்டைகளை ஒவ்வொன்றாக வைக்கிறாள். சிவப்பு வடிகிறது. அத்தனை பாரமும் கட்டைக்குக் கட்டை கைமாறி, சுவர் வழியாக மண்ணுக்குப் போய்ச் சேர்கிறது; கூரை நிமிர்கிறது. பரணில் ரயிலுக்கு இனி இடமில்லை. கடை மூடும் நேரம். லெம்பி வண்டியில் ஏறிவிட்டாள். அர்வோ வாசலுக்கு வெளியே நின்று, கையுறையைக் கழற்றி உள்ளங்கையை நீட்டுகிறான். ஒரு பனிச்செதில் வந்து உட்காருகிறது. கனமே தெரியவில்லை. அது கரையும்வரை கையை அவன் மடக்கவில்லை. அவனுக்குப் பின்னால் டார்லா கதவைச் சாத்திப் பூட்டுகிறாள்.