பழைய ஸ்பிரிங்

"கடைசியில ஜெயிச்சிட்டீங்க அண்ணி," என்றான் மெக்கானிக்.

அவளுக்கு ஜெயித்த மாதிரியும் இல்லை, தோற்ற மாதிரியும் இல்லை. அவன் இப்போது கழற்றிக்கொண்டிருந்தது, காரோடு வந்த மெத்தென்ற ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, மூன்று மாதம் தேடி அவள் கணவர் மாட்டிய காயிலோவர் என்ற விறைப்பான சஸ்பென்ஷன். கார் தரையோடு பதுங்கும். கூழாங்கல் மீது ஏறினாலும் முதுகில் குத்தும். அதை வைத்து இருவருக்கும் நான்கு வருஷச் சண்டை.

"ரோடு சீட்டு வழியா பேசணும்னு சொல்வாரே! அண்ணன் என்னைக் கொன்னுடுவார்."

"நான் சொல்லிக்கிறேன். பழசையே மாட்டு."

சாயங்காலம் மருத்துவமனை வாசலில் இரண்டு பேர் அவள் கணவரைச் சக்கர நாற்காலியிலிருந்து தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்தார்கள். மாடிப்படியில் விழுந்து இரண்டு மாதமாகிறது. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பாது என்று டாக்டர் அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். "நம்ம வண்டியில ஏத்து, ஒவ்வொரு குலுக்கலும் உடம்புல தெரியும்" என்று கணவர் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள்தான் ஓட்டினாள். வாசலில் இருந்த வேகத்தடையில் கார் ஏறி இறங்கியது.

அவர் திரும்பிப் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது. "தாண்டிட்டோமா? எனக்கு ஒண்ணுமே தெரியலையே."

"பழைய ஸ்பிரிங்கை மாட்டிட்டேங்க. எனக்கும்தான் தெரியல."

"அடிப்பாவி! அதானா?"

வீடு வரும்வரை அவர் தெம்பாகத் திட்டிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு மேட்டிலும் அவள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, தன் உடம்பு குலுங்காமல் பார்த்துக்கொண்டாள்.